பழைய டிராக்டரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு: கேஸ்கட் மாற்றியும் நிற்கவில்லை

கேள்வி

வணக்கம். என்னிடம் உள்ள மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டரில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) பக்கமிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை எழுகிறது. சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கடைசி போர்ட்டை (புகை வெளிவரும் துளை) சுற்றிச் சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்துள்ளது. இடையில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட்டை மாற்றிய பிறகு சில வாரங்கள் நன்றாக இருந்தது. இப்போது அதே இடத்தில் மீண்டும் கசிகிறது. அந்தப் பக்கத்து ஸ்டட் (ஹெட்டில் பதிந்த மரையாணி) ஒன்றில் நட் துருவேறிச் சிக்கியிருப்பதால் முழுமையாக இறுக்க முடியவில்லை. வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசை தடவினால் போதுமா, அல்லது மேனிஃபோல்டையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி

சிலிக்கான் பசை வேண்டாம். அதிக வெப்பத்துக்கென விற்கப்படும் சிவப்புப் பசைகூட ஏறத்தாழ 340 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். டீசல் எஞ்சின் முழுப் பளுவில் உழும்போது போர்ட்டிலிருந்து வெளிவரும் வாயுவின் வெப்பம் 500 டிகிரியையும் தாண்டும் என்பதால், பசை கருகி உதிர்ந்துவிடும்.

புதிய கேஸ்கட்டும் அதே இடத்தில் கசிகிறதென்றால், மேனிஃபோல்டின் முகம் (ஹெட்டோடு பொருந்தும் தட்டையான பரப்பு) வளைந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வார்ப்பிரும்பு பல ஆண்டுகள் சூடேறிக் குளிரும்போது மெல்ல வளையும். அந்த வளைவு பெரும்பாலும் ஓரப் போர்ட்டுகளில்தான் வெளிப்படும். மேனிஃபோல்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, நேரான எஃகுப் பட்டையை எல்லா முகங்களின் மீதும் ஒருசேர வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தாலே முகத்தைச் சமப்படுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஹெட்டின் முகத்தையும் இதே போலப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி

சிக்கிய நட்டை வலிந்து திருப்பினால் ஸ்டட் ஹெட்டிலேயே முறிந்துவிடும். துருநீக்கி எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்து, டீசல் குழாய்க்குத் தீ எட்டாதபடி மறைத்துவிட்டு, ஸ்டட்டை விட நட்டே அதிகம் சூடாகும்படி சுடரைக் காட்டுங்கள். பிறகு முதலில் சற்றே இறுக்கும் பக்கமாக அசைத்து, அதன்பின் தளர்த்துங்கள். அப்படியும் முறிந்துவிட்டால், வெளியே நிற்கும் துண்டின் மீது ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் செய்து திருப்பலாம். அந்தச் சூடே துருப்பிடியைத் தளர்த்தும். துளையிட்டு எடுப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துரப்பணம் மையம் விலகினால் ஹெட்டின் மரைகள் பாழாகும். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகளைப் போடுங்கள். அவை எஃகு ஸ்டட்டோடு துருவால் ஒட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்டட் முறியாமல் நட் வந்துவிட்டது. கடைசி முகத்தில் 0.3 மில்லிமீட்டர் தகடு நுழைகிறது. அதோடு, அந்தப் போர்ட்டின் கழுத்தில் மயிரிழை போன்ற விரிசலும் தெரிகிறது. இதை வெல்டிங் செய்யலாமா?

மறுமொழி

உங்கள் டிராக்டருக்கு நல்ல மேனிஃபோல்டு கிடைக்குமானால் மாற்றிவிடுவதே என் முதல் யோசனை. கிடைக்காவிட்டால், வார்ப்பிரும்பில் அனுபவமுள்ள வெல்டரிடம் மட்டும் கொடுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, விரிசலை 'வி' வடிவில் தோண்டி, முழு வார்ப்பையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் சிறு சிறு பகுதியாக வெல்டிங் செய்து, ஒவ்வொரு பகுதியையும் சூடு ஆறுமுன் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். விரைவாகக் குளிர்ந்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி போல் கெட்டியாகி, பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

வெல்டிங் முடிந்த பிறகே முகத்தைச் சமப்படுத்தக் கொடுங்கள், ஏனெனில் அந்தச் சூட்டில் மேனிஃபோல்டு மீண்டும் சற்று வளையும். எல்லா முகங்களையும் ஒரே பிடிப்பில் வைத்து ஒரே தளத்தில் சீவ வேண்டும். சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் முழு எடையும் அதிர்வும் மேனிஃபோல்டின் மேல்தான் விழும்.

பூட்டும்போது நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, படிப்படியாக, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு இறுக்குங்கள். எஞ்சினை நன்கு சூடேற்றி முழுமையாக ஆறவிட்டு, மறுபடியும் ஒருமுறை அதே அளவுக்குச் சரிபார்த்துவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஒருபோதும் ஓடவிடாதீர்கள், புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.