வரைந்த கோடு நம்முடையது, இயந்திரமும் மென்பொருளும் எடுக்கும் முடிவு யாருடையது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரத்தூள்:
ஓர் அலமாரிக்கு ஆறு கதவுகள் வரைந்திருந்தேன். வெனீர் (மெல்லிய மரத் தாள்) ஒட்டிய பிளைவுட். ஆறிலும் மர ரேகை ஒரே ஓட்டமாக இடமிருந்து வலம் போக வேண்டும். அந்த வடிவமைப்பில் அழகு என்று இருந்ததே அதுதான். அதற்காகவே கைப்பிடிகூட வைக்கவில்லை. கணினிக் கோப்பைப் பார்த்துப் பலகையை வெட்டும் சிஎன்சி ரூட்டர் இயந்திரத்துக்குக் கோப்பை அனுப்பினேன். வந்ததைப் பிரித்தால் நாலு கதவில் ரேகை படுத்திருக்கிறது, ரெண்டில் நிற்கிறது. அளவு மட்டும் மயிரிழை பிசகவில்லை.

காரணம் நெஸ்டிங் மென்பொருள். பலகையில் துண்டுகளை நெருக்கி அடுக்கிச் சேதாரத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. 90 டிகிரி திருப்பினால் இடம் மிச்சமாகும் என்றால், தடுத்து வைக்காதவரை திருப்பிவிடும். நான் கொடுத்தது டிஎக்ஸ்எஃப் கோப்பு, அதாவது வெறும் கோடுகள். கோட்டுக்கு ரேகை ஏது? இயந்திரம் ஓட்டியவரிடம் கோபப்பட்டேன். "நீங்க சொல்லலையே சார்" என்றார். நியாயம்தான். ஆனால் ஒரு தச்சரிடம் கொடுத்திருந்தால், அறுப்பதற்கு முன்னால் "ரேகை எப்படிப் போகணும்?" என்று அவரே கேட்டிருப்பார்.

இப்போதெல்லாம் ஆறு கதவையும் வெட்டுமுனையின் விட்டம் அளவுக்கு இடைவெளி விட்டு, ஒரே தொகுப்பாகப் பூட்டித்தான் அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் தனி லேயரில் (வரைபடத்தின் தனி அடுக்கில்) ரேகைத் திசைக்கு ஓர் அம்புக்குறி. சேதாரம் கூடுகிறது. கூடட்டும்.

அடுக்குமொழி:
எனக்கு நடந்தது 3டி பிரிண்டிங்கில். 15 செ.மீ. உயரத்தில் ஒரு பெண்ணின் தலை. அடுக்கு ஒவ்வொன்றும் 0.2 மி.மீ., ஆக மொத்தம் 750 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் தொடங்கி முடியும் இடத்தில் பிளாஸ்டிக் லேசாகத் துருத்தி ஒரு பரு விழும். அடுத்தடுத்த அடுக்குகளில் பருக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் அது ஒரு தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு கண்ணில் படாமல் இருக்க ஸ்லைசர், அதாவது வடிவத்தை அடுக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள், பள்ளமான மூலைகளைத் தேடிப் பிடிக்கும். நல்ல எண்ணம்தான். முகத்தில் பள்ளம் எங்கே இருக்கிறது? கண்ணோரம், மூக்கோரம். "அழுகிற மாதிரி செஞ்சிருக்கீங்களா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

அப்புறம்தான் தழும்பு எங்கே விழ வேண்டும் என்று ஸ்லைசரிலேயே தூரிகையால் பூசிக் காட்ட முடியும் எனத் தெரிந்துகொண்டேன். இப்போது கூந்தலுக்குள் ஒளித்துவிடுகிறேன். ஆனால் அச்சடித்துத் தருபவர்களுக்கு வடிவத்தை எஸ்டிஎல் கோப்பாக மட்டும் அனுப்பினால் இந்த உழைப்பெல்லாம் கூடவே போகாது. 1987-இல் பிறந்த வடிவம் அது. அதில் இருப்பது முக்கோணங்கள்தான், மில்லிமீட்டரா அங்குலமா என்ற விவரம்கூடக் கிடையாது. ஸ்லைசர் அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) சேர்த்துச் சேமித்த 3எம்எஃப் வகைக் கோப்பைத்தான் அனுப்புகிறேன். அதையும் திறந்து, தங்கள் வழக்கமான அமைப்பை மேலே ஏற்றி அச்சடித்தவர்கள் உண்டு!

ஊசிமுனை:
மரத்தூள், உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். நான் கணினி எம்பிராய்டரி செய்கிறவள். எல்லாவற்றையும் பூட்டப் பார்த்து ஒரு காலத்தில் நிறைய நேரத்தை வீணாக்கினேன். நூல் இழுப்பில் துணி சுருங்கும் என்பதால் வடிவத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தைக்க வேண்டும். அந்தக் கணக்கை மென்பொருள் என்னைவிடச் சரியாகவே போடுகிறது. எந்தப் பகுதியை முதலில் தைப்பது என்பதையும் பெரும்பாலும் அதனிடமே விட்டுவிட்டேன்.

தையலின் திசையை மட்டும் விட மாட்டேன். பட்டுப்போல மினுங்கும் நூலில் ஒரே சிவப்பு, தையல் சாயும் பக்கத்தைப் பொறுத்து ஒரு இதழில் வெளிச்சமாகவும் அடுத்ததில் நிழலாகவும் தெரியும். ஒருமுறை படத்தைக் கொடுத்து 'ஆட்டோ' பட்டனை அழுத்தினேன். ஐந்து இதழும் ஒரே கோணத்தில் நிரம்பின. பூ இல்லை, ஸ்டிக்கர். ஒவ்வோர் இதழுக்கும் காம்பிலிருந்து நுனிக்குத் திசைக்கோடு போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மரத்தூள்:
ஊசிமுனை சொல்வதை யோசிக்கிறேன். திருகுத் துளைகளைக்கூட நான்தான் இடம் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன், அது வெட்டி வேலைதான்.

இன்னொன்று. நேற்று அடுத்த வேலையின் கதவுகள் வந்தன. ரேகை பிரமாதம், ஒரே ஓட்டம். அந்த அம்புக்குறி லேயருக்கு 'வெட்ட வேண்டாம்' என்று பெயர் வைக்க மறந்திருந்தேன். ஆறு கதவிலும் நட்டநடுவில், 2 மி.மீ. ஆழத்தில், அச்சுப் பிசகாமல் ஓர் அம்பு.