‘ஐ வாஸ் கிவன் எ பிரைஸ்’: விடைப்பகுதியில் இருப்பது அச்சுப்பிழையா?

கேள்வி:
வணக்கம். நான் தமிழ் வழியில் படித்தவன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலச் செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றத்தை நான்தான் வீட்டில் சொல்லித் தருகிறேன். ‘தே கேவ் மீ எ பிரைஸ்’ என்பதை அவள் ‘எ பிரைஸ் வாஸ் கிவன் டு மீ’ என்று மாற்றினாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் பயிற்சி ஏட்டின் விடைப்பகுதியில் ‘ஐ வாஸ் கிவன் எ பிரைஸ்’ என்று இருக்கிறது. ‘நான் ஒரு பரிசு கொடுக்கப்பட்டேன்’ என்றல்லவா இதற்குப் பொருள் வருகிறது? கொடுக்கப்பட்டது பரிசுதானே, நானில்லையே!

மறுமொழி 1:
அச்சுப்பிழை இல்லை ஐயா. இரண்டு விடைகளும் சரியானவையே. தங்களுக்கு இந்த ஐயம் எழுந்ததற்குக் காரணம் தமிழின் வேற்றுமை உருபுகள். ‘எனக்குப் பரிசைக் கொடுத்தார்கள்’ என்பதைச் செயப்பாட்டுவினையாக்கும்போது ‘ஐ’ உருபு ஏற்ற பரிசு மட்டுமே எழுவாயாக மாறும்; ‘கு’ உருபு ஏற்ற ‘எனக்கு’ இருந்த இடத்திலேயே இருக்கும். ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்று எழுதினால் என்னையே யாரோ தாரைவார்த்துவிட்டதாக ஆகிவிடும். ஆங்கிலத்திலோ ‘என்னை’, ‘எனக்கு’ ஆகிய இரண்டுக்கும் ‘மீ’ என்ற ஒரே வடிவம்தான். ஆகவே ‘கிவ்’, ‘டீச்’, ‘ஷோ’, ‘ஆஃபர்’ போன்ற வினைகளை அடுத்து வரும் இரண்டு செயப்படுபொருள்களில் எதையும் எழுவாயாக்கலாம். சொல்லப்போனால், பெறுபவரை முன்னிறுத்தும் வடிவமே வழக்கில் மிகுதி.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் தி லெசன்’ என்று எழுதினாலும் சரிதானா?

மறுமொழி 2:
கூடாது. செய்வினையில் ‘டு’ இல்லாமல் வினையை ஒட்டியே ஆளை வைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ‘கேவ் மீ’ என்று சொல்லலாம். ‘எக்ஸ்பிளெய்ன்ட் மீ தி லெசன்’ என்பதோ நம் ஊரில் அடிக்கடி காதில் விழுந்தாலும் பிழையானது, ‘எக்ஸ்பிளெய்ன்ட் தி லெசன் டு மீ’ என்பதே சரி. செய்வினையிலேயே ‘டு’வை விட முடியாத இடத்தில் ‘தி லெசன் வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ’ என்ற ஒரே விடைதான் உண்டு. ‘சஜஸ்ட்’, ‘சே’ ஆகியவையும் இவ்வகையே.

முதல் மறுமொழிக்கு ஒரு திருத்தமும் உண்டு: ‘டு’வுக்குப் பதிலாக ‘ஃபார்’ ஏற்கும் வினைகளில் ஆளை எழுவாயாக்காமல் இருப்பதே நல்லது. ‘ஷீ மேட் மீ டீ’ என்பதை ‘டீ வாஸ் மேட் ஃபார் மீ’ என்றே மாற்றுங்கள். ‘ஐ வாஸ் மேட் டீ’ என்றால் ஆங்கிலேயர் காதுக்கே அது நெருடும்.

கேட்டவர்:
இந்தச் சோதனையை மகளிடம் சொன்னேன். ‘டெல் மீ’ என்று சொல்லலாம் என்பதால் ‘ஐ வாஸ் டோல்ட் எ ஸ்டோரி’ சரி, ‘சே மீ’ என்று சொல்ல முடியாததால் ‘ஐ வாஸ் செட் எ ஸ்டோரி’ தவறு என்று அவளே பிரித்துச் சொல்லிவிட்டாள். இருவருக்கும் மிக்க நன்றி.