கன்டெய்னர் குவரி: ‘பாத்தி வினவல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘கன்டெய்னர் குவரி’ என்றொரு வசதி உண்டு: பக்கத்தின் ஒரு பகுதி, தான் இருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்துத் தோற்றம் மாறுவது. அதற்கு ‘பாத்தி வினவல்’ என்ற தமிழ்ச்சொல்லை முன்வைக்கிறேன். நண்பர் ஒருவரின் யோசனை இது:

> கொள்கலன் வினவல் என்றே வைத்துவிடலாம். கொள்கலன் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே.

அது வேறு பொருளில் புழங்குவதுதான் சிக்கல். சிஎஸ்எஸ் வகுப்பில் ‘கொள்கலன்’ என்றதுமே இரண்டு பேர் டாக்கர் (மென்பொருளைக் கொள்கலன்களில் அடைத்து இயக்கும் கருவி) பற்றிக் கேட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, இந்த நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தச் சொல் காட்டவில்லை.

பக்கத்தின் தோற்றத்தைத் திரைக்கேற்ப மாற்றும் பழைய வசதியான மீடியா குவரியில் அகலம் என்றால் திரையில் உலாவிச் சாளரத்தின் அகலம்தான். 1200 பிக்சல் திரையின் நடுவே அழகாக நிற்கும் செய்தி அட்டையை 280 பிக்சல் பக்கப்பட்டையில் வையுங்கள். படமும் தலைப்பும் நெரிபடும். தமிழ்த் தலைப்புகளில் சொற்கள் நீளம் என்பதால் நமக்கு இது இன்னும் உறைக்கும். கன்டெய்னர் குவரியில் அட்டை தான் இருக்கும் இடத்தின் அகலத்துக்கேற்ப மாறிக்கொள்கிறது. 2022இல் குரோம், சஃபாரி, 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருப்பது பெருத்து வெளிப்பெட்டியும் பெருத்தால், பொருந்தும் சிஎஸ்எஸ் விதி மாறும். விதி மாறினால் உள்ளே இருப்பது சுருங்கும், பெட்டியும் சுருங்கும், மறுபடி பழைய விதி. இதற்கு முடிவே இராது. அதனால்தான் வெளிப்பெட்டிக்கு ‘கன்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ்’ என்று எழுதுகிறோம். அதன்பின் பெட்டியின் அகலம் உள்ளே இருப்பதைப் பொறுத்து மாறாது.

இப்படிப்பட்ட இடத்துக்கு நம் தோட்டத்திலேயே பெயர் இருக்கிறது: பாத்தி. வரப்பு போட்டபின் நீர் பாத்தியின் அளவுக்குத்தான் நிற்கும். நீருக்காகப் பாத்தி விரியாது. பாத்தி கட்டுதல் என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. ‘முதலில் பாத்தி கட்டு, பிறகு விதி எழுது’ என்றால் மாணவருக்கு வரிசை பிடிபட்டுவிடும். அவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகளையும் இதை வைத்தே விளக்கலாம். பாத்தி கட்டாமல் விதி எழுதுகிறார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது, விதி சும்மா கிடக்கும். அல்லது பாத்தியின் அகலத்தை வைத்து அந்தப் பாத்தியையே மாற்றப் பார்க்கிறார்கள். மாற்ற முடிவது உள்ளே இருக்கும் பயிரை மட்டும்தான்.

ஆக, கன்டெய்னருக்குப் பாத்தி, உள்ளே இருப்பது பெட்டியின் அளவை மாற்றாமல் தடுக்கும் கன்டெய்ன்மென்டுக்கு வரப்பு, கன்டெய்னர் குவரிக்குப் பாத்தி வினவல். பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் சிகியூஐ (cqi) முதலிய அலகுகள் பாத்தி அலகுகள். 1 சிகியூஐ என்பது பாத்தி அகலத்தில் நூறில் ஒரு பங்கு. வினவல் என்பதை நான் தொடவில்லை. தரவுத்தளத்தில் அது ஏற்கெனவே நிலைத்த சொல்.

> வரப்புக்குப் பதில் வரம்பு என்று எழுதலாமே?

வேண்டாம். வரம்பு என்றதும் உச்ச அளவுதான் மனதில் வரும், உச்ச அகலத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் பண்பான மேக்ஸ்-விட்த்தோடு குழம்பும்.

எனக்கே உறுத்துவது கன்டெய்னர் குவரியின் இன்னொரு வகையான ஸ்டைல் குவரி. அது அளவைப் பார்ப்பதில்லை, சிஎஸ்எஸ் பண்பின் மதிப்பைப் பார்க்கிறது. அதற்கு எல்லா உறுப்புகளும் இயல்பிலேயே தயாராக இருப்பதால் ‘பாத்தி கட்டு’ அங்கே பொருந்தாது. ‘பண்பு வினவல்’ எனத் தனிப்பெயர் தரலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

தூத்துக்குடி உப்பளங்களிலும் பாத்தி என்றுதான் சொல்வார்கள். இலங்கை நண்பர்களே, உங்கள் பக்கமும் இதே பொருளில்தான் வழங்குகிறதா?

அன்புடன்.