சொரியாசிஸ் நோயாளிக்கு என்ன தேவை என்பதைச் சில நிமிடங்களில் எப்படி அறிவது?

கேள்வி: தோல் பிரிவு முதுநிலை மாணவர்

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். சொரியாசிஸ் நோயாளி வந்தால் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைப் பார்த்து நோயின் தீவிரத்தைக் காட்டும், 0 முதல் 72 வரையிலான பி.ஏ.எஸ்.ஐ. மதிப்பெண்ணைக் குறிக்கிறோம், எண் இறங்கினால் சிகிச்சை பலன் தருகிறது என்று எழுதுகிறோம். ஆனால் எண் பாதிக்குமேல் இறங்கிய பிறகும் "ஒன்றும் குறையவில்லை டாக்டர்" என்பவர்கள் இருக்கிறார்கள். முதுகு முழுவதும் திட்டுகள் இருந்தும் களிம்பை வாங்கிக்கொண்டு அமைதியாகப் போய்விடுபவர்களும் இருக்கிறார்கள். வாழ்க்கைத்தரத்தை அளக்கும் டி.எல்.க்யூ.ஐ. வினாத்தாளைக் கொடுத்தால், பெண்களில் பலர் பல கேள்விகளுக்கு "எனக்குப் பொருந்தாது" என்று குறித்துத் திருப்பித் தருகிறார்கள். ஒருவருக்கு நான்கைந்து நிமிடங்களுக்குமேல் ஒதுக்க முடியாத இடத்தில், அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை எப்படிக் கேட்டறிவது? மூத்த மருத்துவர்களும் இந்நோயோடு வாழ்பவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தோல் மருத்துவர்

அந்தப் "பொருந்தாது" என்ற விடையிலிருந்தே தொடங்குகிறேன். கார்டிஃப் நகரில் உருவாகி 1994இல் வெளியான அந்த வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண்கள். பத்தைத் தாண்டினால் நோய் வாழ்க்கையை மிகவும் பாதிக்கிறது என்று கொள்கிறோம். "பொருந்தாது" என்று குறித்தால் அந்தக் கேள்விக்குச் சுழியம்தான். ஐம்பது வயது இல்லத்தரசி விளையாட்டைப் பற்றிய கேள்விக்கு அப்படிக் குறிப்பது இயல்பே. ஆனால் இந்த நோயினாலேயே கல்யாணம் தள்ளிப்போன ஒருவர் தாம்பத்தியத்தைப் பற்றிய கேள்விக்கு அப்படிக் குறிக்கும்போது, அவருடைய பெரிய இழப்பே சுழியமாகக் கணக்கில் ஏறுகிறது. இந்தக் குறையைச் சரிசெய்வதற்காகப் பொருந்தாத விடைகளுக்கு ஈடுகட்டும் டி.எல்.க்யூ.ஐ.-ஆர் என்ற திருத்திய கணக்கீடு 2018இல் முன்வைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தலாம், அதைவிட, அப்படிக் குறிக்கப்பட்ட கேள்வியின்மேல் விரலை வைத்து "இது ஏன் பொருந்தாது, அம்மா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நிறம். நம் ஊர்த் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதைவிடக் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரிவதுதான் அதிகம். ஆகவே சிவப்புக்கு நாம் போடும் எண் உண்மையைவிடக் குறைந்துவிடுவது எளிது. தடிப்பும் செதிலும் போன பிறகு கருமையோ வெளிறலோ பல மாதங்கள் நிற்கும். நாம் "சரியாகிவிட்டது" என்று எழுதும் அந்த இடத்தைத்தான் நோயாளி "ஒன்றும் குறையவில்லை" என்கிறார். கையால் தடவிப் பார்க்கச் சொல்லி, சமதளமாக இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது, நிறம் மெதுவாகத் திரும்பும் என்று விளக்கினால் பாதி மனக்குறை அங்கேயே தீரும்.

பரப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். விரல்களோடு சேர்ந்த ஒரு உள்ளங்கை ஏறத்தாழ ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதம் முதுகில் இருப்பதும், கொத்தனாரின் உள்ளங்கையில் வெடித்துக் கிடப்பதும் ஒன்றல்ல. சர்வதேச சொரியாசிஸ் கவுன்சிலின் பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: பத்து சதவீதத்துக்குமேல் பரவியிருந்தாலும், தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு போன்ற இடங்களில் இருந்தாலும், பூச்சு மருந்து பலனளிக்காவிட்டாலும், உள்மருந்துக்கோ ஊசிமருந்துக்கோ அவர் தகுதியானவர்.

நேரம் இல்லை என்றால் ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: "இந்த நோயால் நீங்கள் செய்யாமல் விட்டது என்ன?" அரிப்பால் தூக்கம் போனது, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியது, வேலையை விட்டது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்துவிடும். சோர்ந்த முகத்தோடு "எதிலும் விருப்பமில்லை" என்று சொன்னால் அங்கே நின்று மேலும் கேளுங்கள். மனச்சோர்வு இந்நோயோடு அடிக்கடி சேர்ந்து வருவது.

பதில் 2: நோயாளி

டாக்டர், கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு இந்த நோய் இருக்கிறது. எங்கள் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

சலூனில் துண்டைப் போர்த்துவதற்குமுன் கழுத்தின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு "இது ஒட்டுமா சார்?" என்று கேட்பார்கள். ஒட்டாது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மருத்துவர் மேசைக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டு மருந்து எழுதும்போது, உடன் வந்த என் மனைவிக்கும் அதே ஐயம்தான் வலுக்கிறது. ஒரு முறை ஒரு மருத்துவர் கையுறையில்லாமல் என் முழங்கைத் திட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தொற்றுநோய் இல்லை என்று வீட்டில் நான் சொல்லிச் சொல்லி முடியாததை அது முடித்துவைத்தது.

களிம்பைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு வேளை பூசச் சொல்கிறீர்கள். காலையில் பூசினால் வெள்ளைச் சட்டையின் காலர் பிசுபிசுக்கிறது. ஆகவே இரவில் மட்டும் பூசுகிறோம், அதையும் முதுகில் பூச ஆள் வேண்டும். "ஒழுங்காகப் பூசுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வோம். "இந்தக் குழாய் எத்தனை நாளுக்கு வந்தது?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

வேறு வைத்தியம் செய்வதை நாங்கள் மறைப்பதற்குக் காரணம் மருத்துவர் திட்டுவார் என்ற பயம். வெட்பாலைத் தைலம் பூசியதைச் சொன்னாலே கோபிக்கும் மருத்துவரிடம், பெயர் தெரியாத பொடியையோ "உடனே அடங்கும்" என்று போடப்பட்ட ஊசியையோ பற்றி யார் வாய் திறப்பார்கள்? கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஆளுக்கொரு பத்தியம் சொல்லி, சாப்பாடே தண்டனையாகிவிட்டது. எதை உண்மையில் விட வேண்டும் என்று யாராவது தெளிவாகச் சொன்னால் போதும்.

பதில் 3: மூட்டுவாத மருத்துவர்

மேலே எழுதிய ஐயாவுக்கு: பொதுவாக இந்நோய்க்கென்று விலக்க வேண்டிய காய்கறி எதுவும் இல்லை. மதுவும் புகையும் நோயைக் கூட்டும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் திட்டுகளும் குறைகின்றன, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. மருத்துவருக்கு: அந்த ஊசியும் பொடியும் எதுவென்று தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புளங்களோடு நோய் சீறிக் கிளம்பக்கூடும்; ஈரலைப் பாதிக்கும் பொடியோடு, இந்நோய்க்கு நாம் கொடுக்கும், தானும் ஈரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேட் மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

நான் சொல்ல வந்தது மூட்டைப் பற்றி. சொரியாசிஸ் உள்ளவர்களில் முப்பது சதவீதம்வரை மூட்டழற்சிக்கு ஆளாகலாம். பெரும்பாலோருக்குத் தோல் முதலில், மூட்டு பல ஆண்டுகள் கழித்து. நோயாளி அதைத் தோல் மருத்துவரிடம் சொல்வதில்லை. வாயு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார், அல்லது குதிகால் வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போவார். காலையில் எழுந்ததும் அரை மணிக்குமேல் விறைப்பு, குதிகாலில் வலி, ஒரு விரல் முழுவதுமாக வீங்கியிருந்தது, நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள் ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும் விடுங்கள். இந்த மூட்டழற்சியை அடையாளம் காண உதவும் பெஸ்ட் எனப்படும் வினாத்தாளில் ஐந்தே கேள்விகள். மூன்றுக்கு ஆம் என்றால் எங்களிடம் அனுப்பலாம். இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி இல்லை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கிறது என்பதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். இந்த நோயில் அவை இயல்பாகவே இருக்கலாம். ஆறு மாதத் தாமதம்கூட மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுச் சிதைவதற்கு வழிசெய்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்னொரு சிக்கல்: மறைவிடங்களில் நோய் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது, ஆனால் பெண்களோடு மாமியாரோ கணவரோ எப்போதும் கூடவே நிற்கிறார்கள்.

பதில் 4: தோல் பிரிவு செவிலியர்

டாக்டர், மருந்துச் சீட்டை முதலில் எழுதிக் கூட வந்தவரிடம் கொடுத்து, மருந்தக வரிசையில் நிற்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த இடைவெளியில் நான் திரைக்குள் அழைத்துப் போய், "நிறையப் பேருக்கு அக்குள், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில் எல்லாம் வரும், உங்களுக்கும் உண்டா?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் கூச்சம் குறைந்து சொல்லிவிடுகிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது; மெத்தோட்ரெக்சேட் எழுதுவதற்குமுன் அது தெரிந்தாக வேண்டும், இந்நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான அசிட்ரெட்டின் என்றால் நிறுத்தி மூன்றாண்டுகள்வரை கருத்தரிக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று மட்டும் எழுதாமல் "ஞாயிறு மட்டும்" என்று கிழமையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். தினமும் விழுங்கிவிட்டு வாய்ப்புண்ணோடு வருபவர்கள் உண்டு.