யானைக் காவல் போறவங்களுக்கு மாத்திரை போட்டும் பிபி இறங்கல, வீட்ல பிள்ளைங்களுக்கும் தொந்தரவு. என்ன காரணம்?

தளி_தன்னார்வலர்:
தளி ஒன்றியத்துல மக்களைத் தேடி மருத்துவம் வேலை. பிபி, சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கறது. பன்னார்கட்டா பக்கமிருந்து யானை இறங்கி, ராகிக் கதிர் முத்தற நேரத்துல இருந்து அறுப்பு முடியற வரைக்கும் ஆம்பளைங்க ராத்திரி பூரா பரண்ல. மத்த மாசத்துல 130/80-ல நிக்கற பிபி இந்தச் சமயத்துல 160/100. சுகரும் கூடவே ஏறுது. கேட்டா மாத்திரை தவறாம போடறோம்னுதான் சொல்றாங்க.

யானை அடிச்சு ஆள் போன வீடுகள்ல இன்னும் மோசம். பொம்பளைங்களுக்கு நெஞ்சடைப்பு, கை கால் எரிச்சல், தலை பாரம். டெஸ்ட் எடுத்தா எல்லாம் நார்மல்ங்கறாங்க. பழக்கம் விட்டுப்போன பிள்ளைங்க மறுபடி படுக்கையில மூத்திரம் போகுதுங்க. பயமும் தூக்கக் கெடுதியும் நெஜமாவே பிபியை ஏத்துமா, இல்ல மாத்திரை விஷயத்துல ஏமாத்தறாங்களா? டாக்டர்கிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி நான் எதையெல்லாம் கேட்டு வைக்கணும்?

மாத்திரைப்பெட்டி:
ஏமாத்தறாங்கன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல நீங்க பிபி பாக்கற நேரத்தைப் பாருங்க. விடிய விடிய முழிச்சு, டீ குடிச்சு, புகையிலை போட்டு, அப்பதான் வீட்டுக்கு வந்த ஆளைத் திண்ணையில உக்கார வெச்சுப் பட்டியைச் சுத்தினா 160 காட்டாம என்ன காட்டும்? டீ, பீடி, புகையிலை எதுவும் அரை மணி நேரத்துக்கு முன்னாடியே நின்னிருக்கணும். மூத்திரம் போயிட்டு வந்து, முதுகு சாஞ்சு, கால் தரையில படிய 5 நிமிசம் பேசாம உக்காரணும். கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். ஒரு நிமிச இடைவெளியில ரெண்டு தடவை பாருங்க. தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலமாப் பாத்தா இன்னும் நல்லது. அப்பவும் 140/90-க்கு மேலயே நின்னாதான் அது நெஜமான ஏத்தம்.

அடுத்து வலி மாத்திரை. இதை யாரும் கேக்கறதில்ல, ஆனா பாதி வீட்ல பதில் இங்கதான் கிடக்கும். பரண்ல குந்தி உக்காந்து இடுப்பு வலி, உடனே மெடிக்கல்ல டைக்ளோஃபினாக். அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும், எனலாபிரில் மாதிரி பிபி மாத்திரையோட வேலையையும் கெடுக்கும். ரெண்டும் சேந்தா கிட்னிக்கும் ஆகாது. ஊசி போட்டதும் வலி பறந்துடுச்சுன்னு சொன்னா அதுல ஸ்டீராய்டு இருந்துச்சான்னு சந்தேகப்படுங்க. சுகர் திடீர்னு 300-ஐத் தொடறதுக்கு அது ஒண்ணே போதும். வலிக்கு பாராசிட்டமால் பரவாயில்லை, அதுவும் டாக்டரைக் கேட்டுட்டு.

மூணாவது, காலை மாத்திரை. காவலுக்குப் போனவருக்குக் காலைங்கறது தூங்கற நேரம். மத்தியானம் எழுந்ததும் நேத்து போட்டோமா இல்லையான்னே தெரியாது. நாளுக்கு ஒரு தடவை போடற பிபி மாத்திரைய சாயங்காலக் களியோட போட்டுக்கலாமான்னு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட கேளுங்க. பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. நேரத்தை நீங்களா மாத்திடாதீங்க.

நரம்பும்_நாளமும்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மாத்திரைக் கணக்கு சரியாக இருந்தாலும் பிபி ஏறும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நன்றாகத் தூங்கும் உடம்பில் இரவு ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை தாழும். ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். காவலில் இருப்பவருக்கு அந்த இறக்கமே கிடைப்பதில்லை. சருகு சலசலத்தால் மூளையின் அமிக்டலா என்ற பகுதி விழிக்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கும், குழாய்கள் இறுகும், ஈரல் சேமித்த சர்க்கரையை ஓடுவதற்கான எரிபொருளாக வெளியே தள்ளும். பின்னாலேயே, ஏறக்குறைய அரை மணி நேரத்தில், கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் உச்சத்துக்கு வரும். வந்தது யானை அல்ல, பக்கத்துக் கொல்லை மாடு என்று தெரிந்த பிறகும் அது உடனே வடியாது. கார்டிசால் இயல்பாக நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கும் விடியற்காலையில் உச்சத்துக்கும் போக வேண்டியது. பல வாரம் இரவெல்லாம் தூண்டிக்கொண்டே இருந்தால் அந்த ஒழுங்கு கலைகிறது. இன்சுலின் இருந்தும் சர்க்கரை செல்லுக்குள் போகத் தயங்குகிறது. ஒரே ஒரு இரவு தூக்கம் கெட்டால்கூட மறுநாள் இன்சுலின் வேலை குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

காவலை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வருடத்துச் சாப்பாடு அந்தக் கொல்லையில் நிற்கிறது. அதனால் தூக்கத்தைத்தான் பங்கு போட வேண்டும். நாலு கொல்லைக்காரர்கள் சேர்ந்து முறை வைத்தால், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டில் முழுத் தூக்கம் கிடைக்கும். இருவர் இருவராகவே உட்காரட்டும், தனி ஆளாக யாரும் வேண்டாம். காவலுக்குப் போகும் நாள், போகாத நாள் இரண்டிலும் ஒரே மணியில் விழும் 4 மணி நேரத் தூக்கம் ஒன்று இருக்க வேண்டும். உதாரணமாக, காலை 5 முதல் 9. உடம்பின் கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஷீட் கூரை வீடு என்றால் தகடு சூடேறுவதற்கு முன் படுத்துவிட வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே 5 மணி நேரம் பிடிக்கும். காலை 5 மணிக்குப் படுக்கிறவருக்குக் கடைசி டீ இரவு 11 மணியோடு சரி.

தூக்கம் வர ஒரு குவார்ட்டர் என்பார்கள். சாராயம் தூங்க வைக்கும், ஆனால் இரண்டாம் பாதித் தூக்கத்தை உடைத்துவிடும், பிபியையும் ஏற்றும். தினமும் நிறையக் குடிக்கிறவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்புவரை போகும். நிறுத்துவதையும் மருத்துவமனை வழியாகவே செய்ய வேண்டும்.

மனநல_செவிலி:
ஆள் போன வீட்டை இதோட ஒண்ணாச் சேக்காதீங்க. காவல்காரரோட உடம்புக்கு அறுப்பு முடிஞ்சா பயம் முடியும். அந்த வீட்ல முடியாது.

நடந்து முதல் ஒரு மாசம் தூக்கமில்லாம, அழுதுகிட்டு, திடுக்குனு எழுந்து உக்காந்தா அது நோய் இல்ல. அந்த நேரத்துல ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, வர்றவங்க எல்லாம் "எப்படிம்மா நடந்துச்சு"ன்னு முதல்ல இருந்து சொல்ல வைக்கறது. ஒரே உக்காருல எல்லாத்தையும் கொட்ட வெச்சா மனசு லேசாகும்ங்கறது சரியில்லை. அந்த முறை வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. அவங்களா பேசினா கேளுங்க, பேசலைன்னா விட்டுடுங்க. ரேஷன், பிள்ளைங்க ஸ்கூல், வனத்துறை நிவாரண மனு, இதுல எது நிக்குதுன்னு கேட்டு அதை நகத்திக் கொடுங்க. மனு இழுத்துகிட்டே கிடந்தா காயமும் ஆறாது.

ரெண்டாவது தப்பு, அல்பிரசோலம்ங்கற பதட்டத்தைத் தணிக்கற மாத்திரை. யாரோ கொடுத்தாங்க, தூக்கம் வருதுன்னு மாசக்கணக்கா போடறது. அதிர்ச்சிக்கு அது மருந்து இல்ல, பழகிப் போயிடும். பல வாரம் போட்டவங்க திடீர்னு நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அதனால டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

ஒரு மாசம் தாண்டினதும் அஞ்சு விஷயம் கேளுங்க. கனவுலயோ நினைப்புலயோ அந்தக் காட்சி வேண்டாம்னாலும் வருதா? அந்த இடத்தையோ பேச்சையோ ஒதுக்கறாங்களா? தட்டு விழுந்தாகூட தூக்கிவாரிப் போடுதா, எப்பவும் உஷாராவே இருக்காங்களா? யார்கிட்டயும் ஒட்டாம மரத்துப்போன மாதிரி இருக்கா? "நான் போகச் சொன்னதாலதான்"னு தன்னையே குத்தம் சொல்றாங்களா? மூணோ அதுக்கு மேலயோ ஆமான்னா மனநல டாக்டரைப் பாக்க வெச்சே ஆகணும். அதிர்ச்சிக்குன்னே உள்ள பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டா செர்ட்ரலின் மாதிரி மாத்திரையும் தருவாங்க. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும்னு முன்னாடியே சொல்லிடுங்க. இல்லைன்னா பத்து நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க.

நெஞ்சடைப்பு, எரிச்சல்னு சொல்ற பொம்பளைங்களுக்கு ஈசிஜி எடுத்தாச்சா, ஹீமோகுளோபின் 12-க்குக் கீழயா, தைராய்டு பாத்தாச்சான்னு கேளுங்க. எல்லாம் சரின்னா, "ஒண்ணுமில்ல"ங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். வலி நெஜம். எப்பவும் இறுகியே கிடக்கற தசையும், மேலோட்டமா வேகமா விடற மூச்சும் நெஞ்சடைப்பையும் கை கால் மரமரப்பையும் தரும்னு விளக்குங்க. 4 எண்ணி மூச்சு இழுத்து, 6 எண்ணி விடறது, 5 நிமிசம், நாளைக்கு ரெண்டு வேளை. தலை சுத்தினா இழுக்கறதைக் குறைக்கணும், ஆழமா இழுக்கறது நோக்கம் இல்ல.

பிள்ளைங்க விஷயம். ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை மறுபடி நனைச்சா முதல்ல மூத்திரத்துல கிருமி, சுகர் ரெண்டையும் பாருங்க. தாகம் கூடி எடை குறைஞ்சா அன்னைக்கே. ரெண்டும் இல்லைன்னா பெரும்பாலும் பயம்தான். திட்டக் கூடாது, மத்தவங்க முன்னாடி சொல்லவே கூடாது. ராத்திரி விளக்கு ஒண்ணு, கூட ஒரு ஆள், சாப்பாடும் ஸ்கூலும் அதே நேரத்துக்கு. அப்பாவைப் பத்திக் கேட்டா நெஜத்தைச் சொல்லணும். "ஊருக்குப் போயிருக்கார்"னு சொன்னா அது வாசலையே பாத்துகிட்டு இருக்கும். அமெரிக்காவுல சான் டியேகோவுல 1995-97-ல 17,000 பேருக்கு மேல விசாரிச்ச ஆய்வுல, சின்ன வயசுல பல விதமான கொடுமை பாத்தவங்களுக்குப் பெரியவங்களானதும் மனச்சோர்வு, குடி, இதய நோய் எல்லாமே கூடுதலா இருந்துச்சு. விதின்னு அர்த்தம் இல்ல. நம்பி ஒட்டிக்க ஒரு பெரியவர் இருந்தா பிள்ளை பெரும்பாலும் தேறிடும்.

தளி_தன்னார்வலர்:
ரொம்ப நன்றிங்க. வலி மாத்திரை பத்தி இதுவரைக்கும் கேட்டதே இல்ல. ரெண்டு சந்தேகம். பல வீட்ல பூசாரிகிட்ட மந்திரிச்சுக் கயிறு கட்டறாங்க, அதைத் தடுக்கணுமா? அப்புறம் சுகர் உள்ள சிலருக்கு விடிகாலை பரண்லயே வேர்த்து, கை நடுங்கி, படபடன்னு வருதாம். பயந்துட்டோம்னு சொல்றாங்க. பயம்தானா?

மாத்திரைப்பெட்டி:
அது பயம்னு நான் நம்பமாட்டேன். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரைய போட்டுட்டு ராத்திரி சரியா சாப்பிடாம முழிச்சிருந்தா சுகர் இறங்கி இதே மாதிரிதான் வரும். மிஷின்ல 70-க்குக் கீழ காட்டினா, ஏன் மிஷினே இல்லைன்னாலும், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கணும். 15 நிமிசத்துல சரியாகலைன்னா மறுபடி. சரியானதும் ஏதாவது சாப்பிடணும். மயங்கின ஆள் வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க. பரணுக்குப் போற ஒவ்வொரு சுகர்காரர் மடியிலயும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கூடவே அந்த மாத்திரை அளவை டாக்டர் பாத்தாகணும்.

நெஞ்சு நடுவுல பாரம் வெச்ச மாதிரி அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்தா அதையும் பயம்னு விடாதீங்க. உடனே 108.

மனநல_செவிலி:
கயிறு கட்டட்டும். சனம் கூடி வர்றதே ஒரு தெம்பு. பட்டினி போடறது, அடிக்கறது, சூடு வைக்கறது, மாத்திரைய நிறுத்தச் சொல்றது, இது நடந்தா மட்டும் குறுக்க நில்லுங்க.

மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருதுன்னு கேட்டு உங்க நோட்டுல எழுதி வைங்க. கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் பாக்கலாம். ஓசூர் பக்கத்துச் சனத்துக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியும் எட்டற தூரம்தான். போன்ல பேச அரசோட மனநல உதவி எண் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு, கேக்கத் தயங்காதீங்க. "செத்துப்போயிடலாம்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாம கூட ஒரு ஆள் இருக்கணும், அன்னைக்கே ஆஸ்பத்திரி. வீட்ல இருக்கற பூச்சி மருந்தைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துடுங்க.