வீட்டில் மூன்று கார்கள். பாலிசியை நிறுத்துவதாகக் கடிதம் வந்திருக்கிறது. குறைந்த கட்டணத்தில் வேறு எங்கே எடுக்கலாம்?

திருச்சிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. நான், மனைவி, தம்பி, அப்பா ஆகிய நால்வரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூன்று கார்கள் வைத்திருக்கிறோம். அவற்றின் காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 1,180 டாலர் போகிறது. வீட்டு வாடகைக்கு அடுத்தபடி எங்களுடைய பெரிய செலவு இதுதான். இந்த நிலையில், இரண்டு கார்களுக்கான பாலிசியை நிறுத்தப்போவதாக நேற்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. தம்பிக்கு இரவு வேலை. அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. எனக்கும் மனைவிக்கும் எதிரெதிர்த் திசைகளில் வேலை. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இப்படிக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் தொடர்ந்து இருக்க மனம் இல்லை. குறைந்த கட்டணத்தில் எந்த நிறுவனம் கொடுக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நாளைக்கே மாறிவிடுவோம். மிகவும் அவசரம்.

சர்ரே வாசகர்:

தம்பி, பதற வேண்டாம். இங்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அடிப்படைக் காப்பீட்டை எல்லோரும் அரசின் காப்பீட்டு நிறுவனமான ஐசிபிசியிடம்தான் எடுக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டிய பாதுகாப்பை மட்டும் தனியாரிடம் எடுக்கலாம். ஊரில் கார் ஓட்டிய அனுபவத்துக்கு உரிய சான்று காட்டினால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், முதல் ஆண்டு முழுவதும் புதிய ஓட்டுநருக்கு உரிய கட்டணத்தையே கட்டிக்கொண்டிருந்தோம். குழந்தைக்குப் பால் வாங்கக்கூடக் கணக்குப் பார்த்த காலம் அது. நீங்கள் சான்றை முதலில் தேடி எடுங்கள்.

ஸ்காபரோ பெரியவர்:

கேள்வி கேட்ட தம்பி இருப்பது ஒன்ராறியோ மாகாணத்தில் என்று நினைக்கிறேன். மாதம் 1,180 டாலர் என்று எழுதியதிலேயே அது தெரிகிறது. நாங்கள் 1990களின் தொடக்கத்தில் வந்தபோது, ஒரே அடுக்குமாடி வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு வாகனம்கூட இருக்கவில்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவி முடிய நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குப் பிறகு ஃபின்ச் வீதியில் பனிக்குள் நின்று இரவுப் பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்வோம். முதலில் மூன்று வாகனங்களும் தேவைதானா என்று யோசியுங்கள். ஒன்றை விற்றால் பாதிச் சிக்கல் தீரும். மற்ற இரண்டுக்கும் சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மோதலில் நம் வாகனத்துக்கு வரும் சேதத்துக்கான மோதல் காப்புறுதியை நீக்கிவிடுங்கள். பழைய வாகனத்துக்கு அது வீண் செலவு.

மார்க்கம் அக்கா:

ஐயா சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். இரவு வேலைக்குப் போகிற பிள்ளையிடம் வாகனத்தை விற்கச் சொல்வது சரியல்ல. மோதல் காப்புறுதியைப் பொறுத்தவரை, வாகனம் எவ்வளவு பெறுமதியானது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கென்னடி, ஸ்டீல்ஸ் சந்தியில் என் வாகனத்தை ஒருவர் பின்னால் வந்து இடித்தார். பிழை அவருடையது என்பதால் என்னுடைய சொந்த நிறுவனமே, நேரடி இழப்பீடு என்ற பிரிவின் கீழ், திருத்தச் செலவு முழுவதையும் தந்தது. மோதல் காப்புறுதி பெரும்பாலும் தேவைப்படுவது பிழை நம்முடையதாக இருக்கும்போதுதான். 2024 முதல் அந்த நேரடி இழப்பீட்டையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கலாம். அப்படிச் செய்தவரின் வாகனத்தை வேறொருவர் இடித்து நொறுக்கினாலும் அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. எத்தனை நெருக்கடியிலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றையும் ஒரே நிறுவனத்தில் ஒன்றாகப் போடுங்கள். பல வாகனங்களுக்கான கட்டணக் கழிவு கிடைக்கும். நாங்கள் ஊருக்குப் போகும் மாதங்களில் ஒரு வாகனத்தைக் கராஜில் நிறுத்திவிட்டு, திருட்டுக்கும் தீக்குமான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இடைநிறுத்தச் சொல்வோம். அந்த நாள்களில் அதை வீதியில் ஓட்டவே கூடாது.

மிசிசாகா இரவு ஷிப்ட்:

ஒரே நிறுவனத்தில் மூன்றையும் போட்டால், ஒருவர் விபத்து செய்தாலும் எல்லோருக்கும் கட்டணம் ஏறும். தனித்தனியாக வைத்திருப்பதே பாதுகாப்பு. இன்னொரு வழியும் இருக்கிறது. கிங்ஸ்டன் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுடைய முகவரியைக் கொடுங்கள். அஞ்சல் குறியீடு மாறினாலே கட்டணம் பாதியாகிவிடும். எங்கள் கிடங்கில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிராம்ப்டன் குடும்பத்தலைவி:

அஞ்சல் குறியீட்டைப் பற்றிப் பேசினாலே எனக்கு மனம் கொதிக்கிறது. இதுவரை ஒரு விபத்தும் இல்லை, வேக அபராதமும் இல்லை. இருந்தும் தெரு மாறிக் குடிவந்த ஒரே காரணத்துக்காகக் கட்டணம் ஏறியது. இது எந்த வகையில் நியாயம்?

ஸ்காபரோ பெரியவர்:

பொய் விபத்துகளும் பொய்க் காயங்களும் காட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்காக, ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் கட்ட வேண்டியிருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்குப் பொலிஸ் வருவதற்கு முன்பே இழுவை வாகனங்கள் வந்து நிற்பதைக் காணாதவர் யார்? முன்பின் தெரியாதவரின் தாளில் கையெழுத்து வைத்துவிட்டால், வாகனம் எந்தத் திருத்தகத்துக்குப் போனது என்று தேடுவதற்கே நாள்கள் கடந்துவிடும்.

மிசிசாகா இரவு ஷிப்ட்:

திருட்டை விட்டுவிட்டீர்களே. எங்கள் தெருவில் வீட்டு வாசலில் நின்ற ஹைலேண்டர் கார் விடிவதற்குள் காணாமல் போய்விட்டது. அதிகம் திருடுபோகிற வகை என்பதற்காக, பறிகொடுக்காதவர்களும் கூடுதலாகக் கட்டுகிறார்கள். கண்காணிப்புக் கருவி பொருத்தாவிட்டால் சில நிறுவனங்கள் பாலிசியே தருவதில்லை.

ஏஜாக்ஸ் முன்னாள் தரகர்:

பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சில வார்த்தைகள் சொல்கிறேன். நண்பர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு நாள் கடந்துகொண்டிருக்கிறது. அவர் எந்த நகரத்தில் இருக்கிறார் என்பதே இன்னும் நமக்குத் தெரியாது. திருச்சித் தம்பி, நான்கு விவரங்களை எழுதுங்கள். நிறுத்துவதற்குக் கடிதத்தில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள்? எந்த நாள் குறித்திருக்கிறார்கள்? யார் யாரிடம் என்ன உரிமம் இருக்கிறது? எந்தக் காரை உண்மையில் யார் ஓட்டுகிறார்கள்?

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பொய் முகவரி என்பது கட்டணத்தைக் குறைக்கும் வழியே அல்ல. ஒன்டாரியோவின் காப்பீட்டுச் சட்டப்படி, தவறான விவரம் கொடுத்து எடுத்த பாலிசியில் உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை செல்லாமல் போகலாம். பல ஆண்டுகள் பணம் கட்டிவிட்டு, கார் திருடுபோன அன்று வெறுங்கையோடு நின்ற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

திருச்சிக்காரன்:

மிக்க நன்றி அண்ணா. நாங்கள் பிராம்ப்டனில் இருக்கிறோம். கடிதத்தில் ‘கட்டணம் செலுத்தப்படாமை’ என்று காரணம் போட்டிருக்கிறது. வங்கியை மாற்றியபோது, பழைய கணக்கில் பணம் இல்லாததால் மாதத் தவணை திரும்பிவிட்டது. கட்ட வேண்டிய தொகையும், வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரத்துத் தேதி ஒன்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் முழு ஜி உரிமம் இருக்கிறது. மனைவிக்கும் தம்பிக்கும் இடைநிலை உரிமமான ஜி2. அப்பாவிடம் பழகுநர் உரிமமான ஜி1 மட்டும். நான் கொரோலா ஓட்டுகிறேன், மனைவி சிவிக். இவை இரண்டும்தான் அந்தக் கடிதத்தில் வருபவை. மூன்றாவது காரான சிஆர்வி வேறொரு நிறுவனத்தில், நான் முதன்மை ஓட்டுநர் என்ற பெயரில் இருக்கிறது. தம்பிதான் தினமும் இரவு வேலைக்கு எடுத்துச் செல்கிறான், வார இறுதியில் உணவு விநியோகமும் செய்கிறான்.

ஏஜாக்ஸ் முன்னாள் தரகர்:

தம்பி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது புதிய நிறுவனத்தைத் தேடுவது அல்ல. இருக்கிற பாலிசி அறுந்துபோகாமல் காப்பது. பணம் கட்டாததால் ரத்தானது என்ற பதிவு ஒரு முறை விழுந்துவிட்டால், நீங்கள் தேடுகிற குறைந்த கட்டணம் உங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. கடந்த 3 ஆண்டுகளில் ஏதேனும் நிறுவனம் உங்கள் பாலிசியை ரத்து செய்ததா என்ற கேள்வி, ஒன்டாரியோவின் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. ஆம் என்று பதில் எழுதினால் வழக்கமான நிறுவனங்கள் பல கதவைச் சாத்திவிடும். அதிக ஆபத்துள்ளவர்களுக்கான நிறுவனங்கள்தான் மிஞ்சும். அவர்களும் மறுத்தால் கடைசிப் புகலிடம் ஃபெசிலிட்டி அசோசியேஷன். அங்கே நீங்கள் கட்டப்போகிற தொகையோடு ஒப்பிட்டால் இன்றைய 1,180 டாலர் சிறியதாகத் தெரியும்.

ஆகவே காலையில் முதல் வேலையாக நிறுவனத்தை அழைத்து, நிலுவையோடு அபராதத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்த வகையில் கட்டினால் ஏற்பார்கள் என்று கேளுங்கள். சிலர் வங்கி உத்தரவாதக் காசோலையையோ மணி ஆர்டரையோ மட்டுமே வாங்குவார்கள். கடிதத்தில் குறித்திருக்கும் நாளுக்கு முன்பே பணம் அவர்கள் கையில் சேர்ந்தாக வேண்டும். தபாலில் போட்டுவிட்டேன் என்பது போதாது. புதிய வங்கிக் கணக்கின் எண்ணையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். ரத்து அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாமல் காரை எடுக்காதீர்கள். முதல் முறை பிடிபட்டாலே 5,000 முதல் 25,000 டாலர் வரை அபராதம் உண்டு. உரிமத்தையும் ஓராண்டு வரை நிறுத்திவைக்க முடியும்.

அடுத்தது சிஆர்வி. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். முதன்மை ஓட்டுநர் நீங்கள் என்று எழுதியிருக்கிறது, ஓட்டுவதோ தம்பி. அதற்கு மேல் உணவு விநியோகம். இரண்டையும் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் ஒரு விபத்து நடந்தால், மாதாமாதம் கட்டிய பணத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். சிஆர்வி திருடர்கள் அதிகம் குறிவைக்கும் வகை. ஜி2 வைத்திருக்கும் இளைஞரின் பெயரில் அதைப் போட்டால் கட்டணம் ஏறத்தான் செய்யும். அதனால் காரை உண்மையாகவே மாற்றிக்கொள்ளுங்கள். தம்பி கொரோலாவை ஓட்டட்டும், நீங்கள் சிஆர்வியை எடுங்கள், தாளிலும் அப்படியே எழுதுங்கள். கட்டணம் குறைய வாய்ப்பு உண்டு, பொய்யும் இல்லை. விநியோக வேலையைத் தொடர்வதானால் அதற்காகப் பாலிசியில் சேர்க்க வேண்டிய இணைப்பை எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மாறுவதைப் புதுப்பிக்கும் நாள் வரை தள்ளிப்போடுங்கள். நடுவில் விலகினால் கட்டணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பு, பல நிறுவனங்களோடு வேலை செய்யும் தரகர் ஒருவரிடமும், நேரடியாக விற்கும் நிறுவனம் ஒன்றிடமும், உங்கள் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அங்கும் விலை கேளுங்கள். மூவரிடமும் ஒரே அளவு பாதுகாப்பைச் சொல்லிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். மூன்று கார்களையும் ஒன்றாகச் சேர்ப்பது பெரும்பாலும் லாபம்தான். மிசிசாகா நண்பர் சொன்ன அச்சத்தைப் பொறுத்தவரை, ஒரே வீட்டில் இருக்கும் உரிமதாரர்கள் எல்லோரையும் எப்படியும் தெரிவிக்க வேண்டியிருப்பதால், தனித்தனியாக வைத்திருப்பதால் வருகிற பாதுகாப்பு பெரிதல்ல. சிஆர்வி தம்பியின் பெயரில் பதிவானால் மட்டும் சில நிறுவனங்கள் தனிப் பாலிசி கேட்கும்.

நம் காரால் மற்றவர்களுக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான மூன்றாம் தரப்புப் பொறுப்பு, சட்டப்படி குறைந்தபட்சம் 200,000 டாலர். அதோடு நிற்காதீர்கள், 10 லட்சமோ 20 லட்சமோ எடுங்கள். அந்த வித்தியாசத்துக்கு ஆகும் கூடுதல் செலவு குறைவு. குறைவாக வைத்திருந்து ஒருவர் பலத்த காயமடைந்தால் வீடு வாசலை விற்றாலும் தீராது. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. இழப்பீடு கோரும்போது நம் கையிலிருந்து கட்டும் முதல் தொகையை 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தலாம். பனிக்கால டயர் போட்டால் கழிவு தர வேண்டும் என்பது 2016 முதல் விதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீட்டுக்கான காப்பீட்டையும் அதே நிறுவனத்தில் எடுத்தால், சில வேளைகளில் அதன் விலையைவிடக் காரில் கிடைக்கும் கழிவு அதிகமாக இருக்கும்.

2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பாலிசிகளில், விபத்தால் வேலைக்குப் போக முடியாதபோது கிடைக்கும் வருமான ஈடு கட்டாயமல்ல, விரும்பினால் எடுக்கலாம். கட்டணத்தைக் குறைக்க அதை விடச் சொல்வார்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற தம்பிக்கு, வேலையிடத்தில் வேறு பாதுகாப்பு இல்லையென்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

திருச்சிக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே காலையில் அழைத்தேன். மணி ஆர்டராகக் கேட்டார்கள். மதியத்துக்குள் அவர்களுடைய கிளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். பாலிசி தொடர்கிறது என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. தம்பி விநியோக வேலையை நிறுத்திவிட்டான். அடுத்த வாரம் கார்களை மாற்றிக்கொண்டு இரு நிறுவனங்களுக்கும் தெரிவிக்கப்போகிறோம். இரண்டு சந்தேகங்கள் மட்டும். அப்பா ஓட்டுவதே இல்லை, அவர் பெயரையும் கொடுக்க வேண்டுமா? தம்பி திருச்சியில் ஆறு ஆண்டுகள் கார் ஓட்டியிருக்கிறான், அது இங்கே உதவுமா?

ஏஜாக்ஸ் முன்னாள் தரகர்:

நல்ல செய்தி. அப்பாவின் பெயரையும் கொடுங்கள். ஜி1 உரிமத்துக்குப் பொதுவாகக் கூடுதலாகக் கேட்பதில்லை. அவர் ஜி2 எடுக்கும் நாளில் மறுபடி தெரிவிக்க வேண்டும். அவர் ஓட்டவே மாட்டார் என்று 28ஏ படிவத்தில் கையெழுத்திட்டு விலக்கிவைக்கவும் முடியும்; பிறகு ஓர் அவசரத்துக்குக்கூட அவர் சாவியைத் தொடக் கூடாது.

தம்பிக்காகத் திருச்சி ஆர்டிஓவிடம், உரிமம் முதலில் வழங்கப்பட்ட நாளைக் குறிப்பிட்டு ஒரு சான்றுக் கடிதத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 12 மாதங்களுக்கு மேற்பட்ட அனுபவத்தை ஒன்டாரியோ ஏற்க வேண்டுமானால் அந்தச் சான்று தேவை; அதைக் காட்டினால் காத்திருக்காமல் முழு ஜி தேர்வுக்குப் போகலாம். ஊர் அனுபவத்தைக் காப்பீட்டு நிறுவனங்களில் பல கணக்கில் கொள்வதில்லை. என்றாலும் ஜி2-விலிருந்து ஜி ஆனதும் கட்டணத்தை மறுபடி கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் மனைவியும் ஊரில் ஓட்டியிருந்தால் அவருக்கும் இதே வழிதான். இருவரும் ஒன்றாகவே விண்ணப்பித்தால் ஊரில் அலைகிறவருக்கு ஒரே அலைச்சலோடு முடிந்துவிடும்.