பாக்கெட் மாவு, பத்து மணிச் சாப்பாடு: பெங்களூரில் நம் சாப்பாட்டுப் பழக்கம் எங்கே போகிறது?

அல்சூர்வாசி:
எங்கள் வீட்டில் மாவு ஆட்டி மூன்று வருஷம் ஆகிறது. கிரைண்டர் மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அம்மா, கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் கூழ் காய்ச்சி, காலையில் மோர் விட்டுக் குடிப்பார். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். என் மகன் அதைத் தொடுவதே இல்லை. இரவு பத்து மணிக்கு டெலிவரி பிரியாணிதான் அவனுக்கு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை விட்டது பெரிய தப்பு.

பெல்லந்தூர்_மருமகள்:
அண்ணா, அந்த மாவை யார் ஆட்டுவது? வெளிவட்டச் சாலை நெரிசலில் நான் வீடு வந்து சேரவே எட்டரை ஆகிறது. அதற்கு மேல் உளுந்து அரைத்து, கிரைண்டர் கழுவ வேண்டும். டிசம்பர் குளிரில் மாவு பொங்காது, காலையில் இட்லி கல்லு மாதிரி இருக்கும். பாக்கெட் மாவு இல்லாவிட்டால் என் பிள்ளைகளுக்கு பிரெட்தான். இன்னொன்று, தினமும் இட்லி என்பதே புதுப் பழக்கம். என் பாட்டி வீட்டில் தீபாவளிக்குத்தான் இட்லி. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி கிரைண்டர் செய்யும் வரை எல்லாம் ஆட்டுக்கல்தான். அதைச் சுற்றிச் சுற்றிப் பாட்டிக்குத் தோள்பட்டை போனது. அந்தப் பாரம்பரியம் எனக்கு வேண்டாம்.

அல்சூர்வாசி:
தோள்பட்டை விஷயம் சரி. நானும் ஒரு நாள்கூட ஆட்டியதில்லை. ஆனால் நான் கேட்பது கூழை. அதற்குக் கிரைண்டரே வேண்டாமே.

சிவாஜிநகர்_பழசு:
ஊரைக் குறை சொல்லாதீர்கள். இதே பெங்களூரில் மதியம் முத்தே, அதாவது ராகிக் களி உருண்டை, விற்கும் ஓட்டலுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டோக்காரர்கள் ராகி உருண்டையைச் சாறில் தோய்த்து விழுங்கிவிட்டு வண்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடக்கிறதா? நாம் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிவிட்டு ராகி பிஸ்கெட் வாங்கினோம். பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள், பலவற்றில் மைதாவும் சர்க்கரையும்தான் முதலில் இருக்கும்.

பெல்லந்தூர்_மருமகள்:
பிஸ்கெட் விஷயத்தில் உங்கள் கட்சிதான் ஐயா. ஆனால் பாக்கெட் மாவை விடமாட்டேன். அல்சூர் அண்ணா, கூழ் இந்தக் குளிரில் ஒரே ராத்திரியில் புளிக்குமா?

அல்சூர்வாசி:
அம்மாவிடம் கேட்டேன். கரைத்த பாத்திரத்தை அடுப்பு அணைத்ததும் அதன் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். சனிக்கிழமை நானே கரைத்துப் பார்க்கிறேன்.